நிறப்புரியும் மரபணுவும்

நிறப்புரி அல்லது குரோமோசோம் என்பது உயிரணுவின் உள்ளே மரபுச் செய்தியைத் தாங்கி நிற்கும் நூல் போன்ற அமைப்பு ஆகும். டி.என்.ஏ எனப்படும் மிக நீண்ட மூலக்கூறு ஒன்றும், அதனைச் சுருட்டிக் கட்டி வைக்கும் புரதங்களும் சேர்ந்ததே ஒரு நிறப்புரி. மரபணு அல்லது ஜீன் என்பது அந்த டி.என்.ஏயின் ஒரு குறிப்பிட்ட பகுதி. ஒரு புரதத்தையோ, செயலாற்றும் ஓர் ஆர்.என்.ஏ மூலக்கூறையோ உருவாக்குவதற்கான செய்தி அப்பகுதியில் அடங்கியுள்ளது. பேச்சு வழக்கில் இவ்விரு சொற்களும் ஒன்றுக்கு மற்றொன்றாக ஆளப்படுவதுண்டு. ஆயினும் இவை ஒரே பொருளைக் குறிப்பன அல்ல. நிறப்புரி முழு நூல். மரபணு அந்நூலில் ஒரு பகுதி. நூல் என்னும் தமிழ்ச் சொல் இழையையும் ஏட்டையும் ஒருங்கே குறிப்பது இவ்விடத்தில் மிகவும் பொருந்துகிறது.

மனிதனின் உடல் உயிரணுக்களில் 46 நிறப்புரிகள் உள்ளன. இவை 23 இணைகளாக அமைந்தவை. ஒவ்வோர் இணையிலும் ஒன்று தாயிடமிருந்தும் மற்றொன்று தந்தையிடமிருந்தும் வந்தது. புரதங்களைக் குறிக்கும் மரபணுக்கள் ஏறத்தாழ 20,000 இவற்றில் பரவிக் கிடக்கின்றன. பிறக்கும் குழந்தை ஆணா பெண்ணா என்பதும், நெருங்கிய உறவில் மணந்தோரின் பிள்ளைகளுக்குச் சில நோய்கள் கூடுதலாக வருவதும், வாழைப்பழத்தில் விதை இல்லாமல் போனதும் இந்த இணை அமைப்பின் நேரடி விளைவுகள் ஆகும்.

பெயர்

குரோமோசோம் என்னும் பெயரை 1888ஆம் ஆண்டு செருமானிய உடற்கூற்றியலாளர் வால்டையர் இட்டார். கிரேக்க மொழியில் குரோமா என்பது நிறத்தையும் சோமா என்பது உடலையும் குறிக்கும். உண்மையில் இவற்றிற்கு இயல்பான நிறம் ஏதும் இல்லை. சாயமேற்றிய உயிரணுக்களை நுண்ணோக்கியில் பார்த்தபோது, இவை சாயத்தை மிகுதியாக உறிஞ்சி அடர்ந்து தெரிந்தமையால் இப்பெயர் அமைந்தது. தமிழ்நாட்டுப் பாடநூல்களில் குரோமோசோம் என்ற சொல்லும், இலங்கைப் பாடநூல்களில் நிறமூர்த்தம் என்ற சொல்லும் பயில்கின்றன. நிறப்புரி என்பதில் வரும் புரி, கயிற்றில் முறுக்கப்பட்ட இழையைக் குறிக்கும். முப்புரி என்பதில் உள்ளதும் இதுவே.

ஜீன் என்னும் சொல்லை டென்மார்க்கைச் சேர்ந்த யோகான்சன் 1909ஆம் ஆண்டு உருவாக்கினார். அப்போது அது எப்பொருளால் ஆனது என்று எவருக்கும் தெரியாது. பொருள் அறியப்படும் முன்னரே பெயர் வந்துவிட்டது. இலங்கையில் இதனைப் பரம்பரையலகு என்பர். மரபணு என்ற சொல்லில் உள்ள அணு, இயற்பியல் கூறும் அணு அன்று. மிகச் சிறிய கூறு என்ற பொதுப் பொருளிலேயே அது நிற்கிறது. ஒரு மரபணுவில் பல்லாயிரக்கணக்கான அணுக்கள் உண்டு.

அமைப்பு

டி.என்.ஏ இரண்டு இழைகள் ஒன்றையொன்று தழுவி முறுக்கிய ஏணி போன்றது. ஏணியின் படிகள் அடினின், தைமின், குவானின், சைட்டோசின் என்னும் நான்கு காரங்களால் ஆனவை. அடினினுக்கு எதிரே தைமினும், குவானினுக்கு எதிரே சைட்டோசினும் மட்டுமே பொருந்தும். எனவே ஓர் இழையை அறிந்தால் மற்றதை எழுதிவிடலாம். உயிரணு தன் மரபுச் செய்தியைப் படியெடுப்பதும் இவ்வாறே. ரோசலிண்ட் ஃபிராங்க்ளின், மாரிசு வில்கின்சு ஆகியோரின் ஊடுகதிர்ப் படங்களின் துணையுடன் வாட்சன், கிரிக் ஆகிய இருவரும் இவ்வமைப்பை 1953ஆம் ஆண்டு வெளியிட்டனர்.

மனிதனின் 23 நிறப்புரிகள் கொண்ட ஒரு தொகுதியில் ஏறத்தாழ 305 கோடிக் கார இணைகள் உள்ளன. நான்கு எழுத்துகளில் ஒன்றைக் குறிக்க இரண்டு பிட்டுகள் போதும் என்பதால், இம்முழுச் செய்தியும் ஏறத்தாழ 76 கோடி பைட்டுகளில் அடங்கிவிடும். இது பழைய குறுந்தகடு ஒன்றின் கொள்ளளவைவிடச் சற்றே மிகுதி.

செய்தி சிறிதாயினும் மூலக்கூறு சிறிதன்று. ஓர் உயிரணுவில் உள்ள 46 நிறப்புரிகளின் டி.என்.ஏயையும் நேராக நீட்டி ஒன்றோடொன்று இணைத்தால் ஏறத்தாழ 2 மீட்டர் நீளம் வரும். அதனைக் கொண்டிருக்கும் கருவின் விட்டமோ ஒரு மில்லிமீட்டரில் நூற்றில் ஒரு பங்கு அளவே. இந்த நெருக்கடியைத் தீர்ப்பவை இசுட்டோன் என்னும் புரதங்கள். எட்டு இசுட்டோன்கள் சேர்ந்த ஓர் உருளையின் மீது 147 கார இணைகள் நீளமுள்ள டி.என்.ஏ, இரண்டு சுற்றுக்குச் சற்றுக் குறைவாகச் சுற்றிக்கொள்கிறது. இத்தகைய உருளைகள் மணிமாலை போல் தொடர்ந்து, அம்மாலை மீண்டும் மடிந்து சுருள்கிறது. இறுகச் சுருண்ட பகுதிகளில் உள்ள மரபணுக்கள் பொதுவாகச் செயற்படுவதில்லை. ஆகவே இச்சுருட்டல் இடத்தை மிச்சப்படுத்துவதற்கு மட்டும் உரியதன்று.

பாடநூல் படங்களில் நிறப்புரி பெருக்கற்குறி வடிவில் காட்டப்படுகிறது. இது மாணவர்களிடையே ஒரு தவறான எண்ணத்தை உண்டாக்கியுள்ளது. உயிரணு பிரிவதற்கு முன் ஒவ்வொரு நிறப்புரியும் படியெடுக்கப்பட்டு, இரு படிகளும் சென்ட்ரோமியர் என்னும் இடத்தில் ஒட்டி நிற்கும். அந்நிலையில் எடுத்த படமே அது. அஃதாவது அப்படத்தில் இருப்பது ஒரே நிறப்புரியின் இரண்டு படிகள். தாயிடமும் தந்தையிடமும் இருந்து வந்த இணை அன்று. மற்ற நேரங்களில் நிறப்புரிகள் தளர்ந்து நீண்டு, சாதாரண நுண்ணோக்கியில் தனித்தனியே தெரிவதில்லை.

மரபணு

கிரிகோர் மெண்டல் பட்டாணிச் செடிகளைக் கலந்து வளர்த்து, பண்புகள் தனித்தனிக் கூறுகளாகக் கடத்தப்படுகின்றன என்பதை 1866ஆம் ஆண்டு வெளியிட்டார். அக்கட்டுரை 1900ஆம் ஆண்டு வரை பெரிதும் கவனிக்கப்படவில்லை. அதன் பின்னர் சட்டன், போவெரி ஆகியோர், மெண்டல் கூறிய கூறுகளும் நுண்ணோக்கியில் தெரியும் நிறப்புரிகளும் ஒரே வகையில் இணைந்தும் பிரிந்தும் நடப்பதைச் சுட்டிக்காட்டினர். 1910ஆம் ஆண்டு நியூயார்க்கில் தாமசு மார்கன், பழ ஈக்களில் வெண்ணிறக் கண்ணைத் தரும் மரபணு எக்சு நிறப்புரியுடன் சேர்ந்தே கடத்தப்படுவதைக் கண்டார். அவருடைய மாணவர் சுடர்ட்டவன்ட் 1913ஆம் ஆண்டு ஒரு நிறப்புரியில் ஆறு மரபணுக்கள் எவ்வரிசையில் உள்ளன என்று காட்டும் முதல் வரைபடத்தை வெளியிட்டார். டி.என்.ஏயே மரபுப் பொருள் என்பதற்கான வலுவான சான்று 1944ஆம் ஆண்டில்தான் ஏவரி குழுவினரால் கிடைத்தது.

மரபணுவின் செய்தி முதலில் ஆர்.என்.ஏயாகப் படியெடுக்கப்படுகிறது. பின்னர் மூன்று எழுத்துகளுக்கு ஓர் அமினோ அமிலம் என்ற கணக்கில் புரதமாகக் கோக்கப்படுகிறது. மனித டி.என்.ஏயில் புரதத்தை நேரடியாகக் குறிக்கும் எழுத்துகள் 2 விழுக்காட்டிற்கும் குறைவே. ஒரு மரபணுவின் உள்ளேயும் இந்நிலையைக் காணலாம். தசைகளுக்குத் தேவையான டிசுட்ரோஃபின் என்னும் புரதத்திற்குரிய மரபணு 22 லட்சத்திற்கும் மேற்பட்ட கார இணைகள் நீளமுடையது. இடைப்பகுதிகள் வெட்டி நீக்கப்பட்ட பின் எஞ்சும் ஆர்.என்.ஏயின் நீளம் ஏறத்தாழ 14,000 எழுத்துகளே. எஞ்சிய பகுதிகள் அனைத்தையும் குப்பை என்று அழைக்கும் வழக்கம் ஒரு காலத்தில் இருந்தது. அவற்றில் ஒரு பகுதி, எந்த மரபணு எப்போது எவ்வளவு செயற்பட வேண்டும் என்பதைக் கட்டுப்படுத்துகிறது. கண்ணிலுள்ள உயிரணுவும் கல்லீரலிலுள்ள உயிரணுவும் ஒரே மரபணுக்களைக் கொண்டிருந்தும் வேறுபடுவதற்கு இக்கட்டுப்பாடே காரணம்.

எண்ணிக்கை

ஓர் இனத்தின் நிறப்புரி எண்ணிக்கைக்கும் அவ்வினத்தின் சிக்கலான அமைப்பிற்கும் தொடர்பு இல்லை. அனாஃபிலிசு கொசுவுக்கு 6, பழ ஈக்கு 8, பட்டாணிக்கு 14, நெல்லுக்கு 24, யானைக்கு 56, வெள்ளாட்டுக்கும் மாட்டுக்கும் 60, நாய்க்கும் கோழிக்கும் 78. ஆஃபியோகுளோசம் என்னும் பன்னச் செடி வகை ஒன்றில் 1,200க்கும் மேற்பட்ட நிறப்புரிகள் உள்ளன. கேளையாடு எனப்படும் இந்திய மானினத்தின் பெண்ணுக்கு 6 மட்டுமே இருக்க, அதன் நெருங்கிய உறவான சீனக் கேளையாட்டிற்கு 46 உள்ளன. செய்தி ஏறத்தாழ ஒன்றே. அது எத்தனை துண்டுகளாகப் பகுக்கப்பட்டுள்ளது என்பதுதான் வேறுபாடு. மனிதனுக்கு 46, சிம்பன்சிக்கு 48 என்பதன் விளக்கமும் இதுவே. மனித முன்னோர்களில் இரண்டு நிறப்புரிகள் முனையோடு முனை ஒட்டிக்கொண்டதால் இன்றைய இரண்டாம் நிறப்புரி உருவானது. ஒட்டிய இடத்தின் தடயம் அதன் நடுப்பகுதியில் இன்றும் உள்ளது.

மனிதனின் நிறப்புரிகள் 46 என்பது எளிதில் அறியப்பட்ட ஒன்றன்று. அமெரிக்க விலங்கியலாளர் பெயின்டர் 1923ஆம் ஆண்டு இதனை 48 என வெளியிட்டார். அடுத்து வந்த ஆய்வாளர்கள் பலரும் 48 என்றே எண்ணினர். பாடநூல்களும் அவ்வாறே எழுதின. உயிரணுக்களை நீர்த்த கரைசலில் உப்பவைத்து நிறப்புரிகளைப் பிரித்துப் பார்க்கும் முறை வந்த பின்னர், சுவீடனின் லுண்ட் நகரில் சாவாவில் பிறந்த சியோ என்பவரும் லெவான் என்பவரும் எண்ணிப் பார்த்து 46 என்று கண்டனர். அவர்களுடைய கட்டுரை 1956ஆம் ஆண்டு வெளிவந்தது. எண்ணிப் பார்த்தால் தெரியக்கூடிய ஒன்று 33 ஆண்டுகள் தவறாகவே நீடித்தது. முன்னரே தெரிந்த விடையை மனத்தில் வைத்துக்கொண்டு எண்ணியதும் இதற்கு ஒரு காரணமாகக் கூறப்படுகிறது.

பயிர்களில் நிறப்புரித் தொகுதிகள் பலமடங்காகப் பெருகுவது இயல்பு. வாழையின் அடிப்படைத் தொகுதி 11. காட்டு வாழையில் இரு தொகுதிகள் (22) உள்ளன. அதன் பழத்தில் கடினமான விதைகள் நிறைந்திருக்கும். பூவன் உள்ளிட்ட உண்ணும் வகைகள் பலவற்றில் மூன்று தொகுதிகள் (33) உள்ளன. மூன்றை இரண்டாகச் சமமாகப் பகுக்க இயலாது. எனவே நல்ல பாலணுக்கள் உருவாவதில்லை, விதையும் தோன்றுவதில்லை. வாழையைக் கன்று பிரித்து நடுவதன் அடிப்படைக் காரணம் இதுவே. குதிரைக்கு 64, கழுதைக்கு 62. இவற்றின் கலப்பான கோவேறு கழுதைக்கு 63. அதுவும் பெரும்பாலும் மலடாகவே இருக்கும்.

கரும்பு இன்னும் சிக்கலானது. கோயம்புத்தூர் கரும்பு இனப்பெருக்க நிலையம் 1912ஆம் ஆண்டு தொடங்கப்பட்டது. அங்கு வெள்ளை என்னும் கரும்பு வகையும் நாணல் போன்ற காட்டுக்கரும்பும் கலக்கப்பட்டு, கோ 205 என்ற புகழ்பெற்ற வகை உருவானது. இன்று பயிரிடப்படும் கரும்பில் 100 முதல் 130 வரை நிறப்புரிகள் உண்டு. வகைக்கு வகை எண்ணிக்கை மாறும். தலச்சேரியில் பிறந்த இ. கே. ஜானகி அம்மாள் (1897–1984) இந்நிலையத்தில் கரும்பின் நிறப்புரிகளை ஆராய்ந்தவர். பின்னர் இங்கிலாந்தில் டார்லிங்டனுடன் இணைந்து, பயிர்த் தாவரங்களின் நிறப்புரி எண்ணிக்கைகளைத் தொகுத்த நூலை 1945ஆம் ஆண்டு வெளியிட்டார்.

உயிரணுப் பிரிவு

உடல் வளர்வதற்கான பிரிவு இழையுருப்பிரிவு எனப்படும். இதில் 46 நிறப்புரிகளும் படியெடுக்கப்பட்டு, இரு சேய் உயிரணுக்களுக்கும் 46 வீதம் சென்று சேரும். விந்தணுவும் சினைமுட்டையும் உருவாகும் பிரிவு ஒடுக்கற்பிரிவு அல்லது குன்றல் பகுப்பு ஆகும். இங்கு ஒவ்வோர் இணையிலிருந்தும் ஒன்று மட்டுமே செல்வதால் எண்ணிக்கை 23 ஆகிறது.

இணையில் எது செல்லும் என்பது ஒவ்வொரு முறையும் தற்செயலே. 23 இணைகளுக்கு 83,88,608 வகைச் சேர்க்கைகள் அமையலாம். இதற்கும் மேலாக, இணைகள் பிரியுமுன் தம்முள் துண்டுகளை மாற்றிக்கொள்கின்றன. இது குறுக்கேற்றம் எனப்படும். ஒருவர் தம் பிள்ளைக்குக் கொடுக்கும் நிறப்புரி, அவருடைய தாயின் நிறப்புரியும் தந்தையின் நிறப்புரியும் இடையிடையே கலந்த ஒன்றாகவே பெரும்பாலும் இருக்கும். ஒரே பெற்றோருக்குப் பிறந்த பிள்ளைகள் வேறுபடுவதற்கு இதுவே காரணம்.

பெண்ணின் சினைமுட்டைகளில் ஒடுக்கற்பிரிவு அவள் பிறக்கும் முன்பே தொடங்கி, நடுவில் நின்று, பூப்படைந்த பின் மாதந்தோறும் முட்டை வெளிப்படும் காலத்தில் மீண்டும் தொடர்கிறது. இடைப்பட்ட ஆண்டுகள் கூடக்கூட ஓர் இணை பிரியாமல் இரண்டுமே ஒரு முட்டைக்குள் சென்றுவிடும் வாய்ப்பும் கூடுகிறது. 21ஆம் நிறப்புரியில் அவ்வாறு நேர்ந்தால் குழந்தைக்கு அது மூன்றாக அமையும். டவுன் கூட்டறிகுறியின் காரணம் இதுவே என்பதை 1959ஆம் ஆண்டு பாரிசில் மார்த்த கோத்தியே, லெழூன், துர்ப்பின் ஆகியோர் வெளியிட்டனர். இதன் வாய்ப்பு 25 வயதுத் தாய்க்கு ஆயிரத்தில் ஒன்றுக்கும் குறைவு. 40 வயதில் ஏறத்தாழ நூற்றில் ஒன்று. மற்ற பெரிய நிறப்புரிகள் மூன்றாகும் கருக்கள் பெரும்பாலும் தொடக்கத்திலேயே கலைந்துவிடுகின்றன. 21ஆம் நிறப்புரியில் மரபணுக்கள் மிகக் குறைவு என்பதாலேயே அக்குழந்தைகள் பிறந்து வளர முடிகிறது. இக்குழந்தைகளின் மரபணுக்களில் பிழை எதுவும் இல்லை. அளவு மட்டுமே மிகுந்துள்ளது.

பால் நிர்ணயம்

மனிதரில் 22 இணைகள் இருபாலாருக்கும் பொது. 23ஆம் இணை பெண்ணில் இரண்டு எக்சு நிறப்புரிகளாகவும், ஆணில் ஓர் எக்சும் ஓர் ஒய்யுமாகவும் அமைந்துள்ளது. தாயிடம் எக்சு மட்டுமே இருப்பதால் எல்லாச் சினைமுட்டைகளிலும் எக்சு இருக்கும். விந்தணுக்களில் ஏறத்தாழப் பாதி எக்சையும் பாதி ஒய்யையும் சுமக்கும். எனவே பிறக்கும் குழந்தையின் பாலைத் தீர்மானிப்பது தந்தையிடமிருந்து வரும் விந்தணு ஆகும். நெட்டி சுடீவன்சு என்னும் அமெரிக்கப் பெண் அறிவியலாளர் மாவுப்புழு வண்டுகளை ஆராய்ந்து 1905ஆம் ஆண்டு இதனை வெளியிட்டார். எட்மண்ட் வில்சனும் அதே காலத்தில் தனியே ஒத்த முடிவை எட்டினார்.

பெண் குழந்தைகளையே பெற்றாள் என்று மனைவியைப் பழிப்பதும், அதன்பொருட்டு மறுமணம் செய்வதும் இன்றும் அற்றுப்போகவில்லை. அப்பழிக்கு உயிரியலில் எந்த அடிப்படையும் இல்லை. தந்தையையும் பழிப்பதற்கில்லை, எந்த விந்தணு முட்டையை அடையும் என்பது அவர் விருப்பத்தைப் பொறுத்ததன்று. நான்கு பெண் குழந்தைகளுக்குப் பின் ஐந்தாவது கட்டாயம் ஆணாக இருக்கும் என்று நம்புவதும் தவறு. முந்தைய பிறப்புகளை அடுத்த விந்தணு அறியாது. ஐந்தாவது முறையும் வாய்ப்பு ஏறத்தாழப் பாதிக்குப் பாதியே. கருவில் உள்ள குழந்தையின் பாலைக் கண்டறிந்து சொல்வதை இந்தியாவில் 1994ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்துள்ளது.

ஒய் நிறப்புரியில் உள்ள எசு.ஆர்.ஒய் என்னும் ஒரு மரபணுவே கருவை ஆண் உடலாக வளரத் தூண்டுகிறது. இது 1990ஆம் ஆண்டு கண்டறியப்பட்டது. இம்மரபணு செயலிழந்தால் எக்சு, ஒய் இரண்டும் உள்ள ஒருவர் பெண்ணுடலுடன் வளர்வார். ஆகவே நிறப்புரிகளை மட்டும் பார்த்து ஒருவரின் பாலைத் தீர்மானிப்பது எல்லா நேரங்களிலும் சரியாக அமையாது. பறவைகளில் நிலைமை நேர்மாறானது. அங்கு வேறுபட்ட இணை பெட்டையிடமே உள்ளது. முதலைகளிலோ முட்டை அடைகாக்கும் வெப்பநிலையே பாலை முடிவு செய்கிறது.

ஆணுக்கு எக்சு ஒன்றே என்பதால் அதிலுள்ள குறையுள்ள மரபணுவை ஈடுகட்ட மற்றொரு படி இல்லை. சிவப்பு–பச்சை நிறக்குருடும் இரத்தம் உறையாமை நோயும் ஆண்களில் மிகுதியாகக் காணப்படுவது இதனாலேயே.

மாற்றுருக்களும் நோய்களும்

ஒரே மரபணுவின் வெவ்வேறு வடிவங்கள் மாற்றுருக்கள் எனப்படும். இணையின் ஒரு படியில் மட்டும் இருந்தாலே வெளிப்படுவது ஆட்சியுடைய மாற்றுரு. இரு படிகளிலும் இருந்தால் மட்டுமே வெளிப்படுவது பின்னடைவான மாற்றுரு.

அரிவாள் உயிரணுச் சோகை இதற்குத் தெளிவான எடுத்துக்காட்டு. 11ஆம் நிறப்புரியில் ஈமோகுளோபினின் ஒரு பகுதியைக் குறிக்கும் மரபணுவில் ஒரே ஓர் எழுத்து, அடினினுக்குப் பதிலாகத் தைமின் என மாறியுள்ளது. அதனால் புரதத்தின் ஆறாம் இடத்தில் குளூட்டாமிக் அமிலத்திற்குப் பதிலாக வாலின் வந்துவிடுகிறது. ஆக்சிசன் குறையும்போது இப்புரதங்கள் ஒன்றோடொன்று ஒட்டி நீண்ட கம்பிகளாகி, வட்டமான சிவப்பணுவை அரிவாள் வடிவத்திற்கு இழுக்கின்றன. அவை நுண்குழாய்களை அடைத்துக் கடும் வலியையும் உறுப்புச் சேதத்தையும் உண்டாக்கும். 305 கோடி எழுத்துகளில் ஒன்று மாறியதன் விளைவு இது.

ஒரு படி மட்டும் மாறியவர் பொதுவாக நலமாக வாழ்வார். மலேரியாவின் கடுமையான தாக்குதலிலிருந்து அவருக்கு ஓரளவு பாதுகாப்பும் கிடைக்கும். மலேரியா மிகுந்த நாடுகளில் இம்மாற்றுரு நிலைத்து நிற்பதற்குக் காரணம் இதுவே. இந்தியாவில் இது முதன்முதலாக நீலகிரி மலைவாழ் மக்களிடம் 1952ஆம் ஆண்டு லேமன், கட்புசு ஆகியோரால் கண்டறியப்பட்டது. பெற்றோர் இருவரும் ஒரு படியைத் தாங்கியவராயின், ஒவ்வொரு குழந்தைக்கும் நோய் வரும் வாய்ப்பு நான்கில் ஒன்று. ஓர் இரத்தப் பரிசோதனையால் தாங்கிகளை அறிந்துவிடலாம். இந்நோயைக் களைவதற்கான தேசிய இயக்கத்தை இந்திய அரசு 2023ஆம் ஆண்டு தொடங்கியது. மரபணுத் திருத்தத்தின் வழியான முதல் சிகிச்சைக்கு அதே ஆண்டு பிரித்தானியாவிலும் அமெரிக்காவிலும் ஒப்புதல் வழங்கப்பட்டது. எனினும் அதன் விலை பெரும்பாலான நோயாளிகளுக்கு எட்டாத உயரத்தில் உள்ளது.

உறவுமுறைத் திருமணம்

ஏறத்தாழ எல்லோரிடமும் பின்னடைவான நோய் மாற்றுருக்கள் சில வெளிப்படாமல் உள்ளன. அயலார் இருவர் மணந்தால் இருவரும் ஒரே மரபணுவில் ஒரே குறையைத் தாங்கியிருக்கும் வாய்ப்பு பொதுவாகக் குறைவு. உறவினருக்கு இது பொருந்தாது. ஒரே பாட்டன் பாட்டியின் நிறப்புரித் துண்டுகள் இருவரிடமும் உள்ளன. தென்னிந்தியாவில் நெடுங்காலமாக வழங்கிவரும் மணமுறைகளில் இதனைக் கணக்கிடலாம். ஒரு மரபணுவின் இரு படிகளும் ஒரே முன்னோரின் ஒரே படியிலிருந்து வந்திருக்கும் வாய்ப்பு, அத்தை மகன் அல்லது மாமன் மகனை மணந்தவரின் பிள்ளைக்குப் பதினாறில் ஒன்று. தாய்மாமனையே மணந்தவரின் பிள்ளைக்கு எட்டில் ஒன்று.

இதனை எட்டில் ஒரு குழந்தைக்கு நோய் வரும் என்று படிக்கக் கூடாது. அந்த மரபணுவில் குறையுள்ள மாற்றுரு இருந்தால்தான் நோய் வரும். அத்தை, மாமன் பிள்ளைகள் மணந்தால் பிறவிக் குறைபாட்டின் வாய்ப்பு பொது வாய்ப்பைப்போல் ஏறத்தாழ இரு மடங்கு என ஆய்வுகள் காட்டுகின்றன. பெரும்பாலான குழந்தைகள் நலமாகவே பிறக்கின்றனர். "எங்கள் குடும்பத்தில் எல்லோரும் சொந்தத்தில்தான் கட்டினோம், ஒன்றும் ஆகவில்லை" என்று சொல்வோரின் அனுபவம் இதற்கு முரணானதன்று. ஆனால் குடும்பத்தில் ஏற்கனவே தலசீமியா, பிறவிச் செவிட்டுத்தன்மை போன்றவை இருந்தால் கணக்கு முற்றிலும் மாறிவிடும். அத்தகைய குடும்பத்தினர் திருமணத்திற்கு முன் மரபியல் ஆலோசனை பெறுவது நலம்.

கருவுக்கு வெளியே

மரபணுக்கள் அனைத்தும் கருவிலுள்ள நிறப்புரிகளில் அடங்கிவிடுவதில்லை. உயிரணுவுக்கு ஆற்றல் தரும் இழைமணிகளில் 16,569 கார இணைகள் கொண்ட வட்டவடிவ டி.என்.ஏ உள்ளது, அதில் 37 மரபணுக்கள் உள்ளன. இது தாயிடமிருந்து மட்டுமே வருவதால், தாய், பாட்டி, பூட்டி எனத் தாய்வழியை மட்டும் பின்தொடர இது உதவுகிறது. தாவரங்களின் பசுங்கணிகங்களிலும் தனி டி.என்.ஏ உண்டு. பாக்டீரியாக்களுக்குக் கருவே இல்லை. குடலில் வாழும் ஈ. கோலையின் மரபுச் செய்தி, ஏறத்தாழ 46 லட்சம் கார இணைகள் கொண்ட ஒற்றை வட்ட நிறப்புரியாக உயிரணு நீர்மத்திலேயே கிடக்கிறது.